குட்டி டாரன்டுலா ஆணா பெண்ணா: உரித்த சட்டையை வைத்துக் கண்டுபிடித்த கதை

டாரன்டுலா என்பது முடி அடர்ந்த பெருஞ்சிலந்தி. குட்டியாக வாங்கும்போது அது ஆணா பெண்ணா என்று விற்கிறவருக்கே தெரியாது. காலை விரித்தாலும் ஒரு சென்டிமீட்டர் தாண்டாத ஒன்றைச் சின்னக் குப்பியில் போட்டுத் தருவார்கள். மூடியில் இனத்தின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். விலையும் அதற்கேற்ப மலிவு. அதே இனம், அதே நிறம், ஆனால் ‘பெண், உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும்.

என்னிடம் இருக்கும் இரண்டும் அந்த மலிவு விலைக் குட்டிகள். ஒன்று மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கத்துச் செம்முட்டிச் சிலந்தி, பிராக்கிபெல்மா ஹமோரி. இன்னொன்று நிகரகுவா, ஹோண்டுராஸ், கோஸ்டாரிகா பக்கத்துச் சுருள்முடிச் சிலந்தி, டிலில்டோகாட்டில் அல்போபிலோசஸ். இந்த வாய்க்குள் நுழையாத பேரினப் பெயர் 2020-இல் வைத்தது. அதற்கு முன்னால் இதுவும் பிராக்கிபெல்மாதான். இரண்டும் இங்கே இங்கிலாந்தில் வளர்ப்பில் பிறந்தவை. இப்போது கால் நுனியிலிருந்து எதிர்க் கால் நுனிவரை செம்முட்டி சுமார் 5 செ.மீ., சுருள்முடி கொஞ்சம் பெரிசு, 6 செ.மீ. பக்கம் வரும். சட்டையை வைத்துப் பால் பார்க்க இது சரியான அளவு. இதைவிடச் சின்னதாக இருந்தாலும் நல்ல மைக்ரோஸ்கோப் உள்ளவர்கள் பார்த்துவிடுவார்கள். நம் கையில் இருக்கிற சாமானுக்கு 5 செ.மீ. என்பது வசதியான எல்லை.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். செம்முட்டி பெண்ணாக இருந்தால் 20 ஆண்டுக்கு மேல் வாழும். ஆணாக இருந்தால் நாலைந்து வருடத்தில் முதிர்ச்சிக்கு வந்து, கடைசிச் சட்டையை உரித்து, அதற்குப் பிறகு ஓரிரு வருடத்துக்குள் போய்விடும். அதாவது ஒரே குப்பிக்குள் இருப்பது பிள்ளைகள் கல்லூரி முடிக்கிறவரை கூட இருக்கப்போகிற ஜீவனா, பள்ளிக்கூடம் மாறுவதற்குள் போகிற ஜீவனா என்பதே தெரியாமல் வைத்திருக்கிறோம். வீட்டில் அதற்கப்புறம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாறாக, 20 வருடமா என்றுதான் கேட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தது

வயிறு பெருத்திருந்தால் பெண், கால் நீளமாக இருந்தால் ஆண், சீறினால் பெண், வேகமாக வளர்ந்தால் ஆண் என்று நிறையச் சொல்வார்கள். வயிறு பெருத்திருப்பது போன வாரம் என்ன தின்றது என்பதைத்தான் காட்டும். வளர்ச்சி வேகத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆண்கள் சீக்கிரம் முதிர்ந்துவிடும். ஆனால் அறையின் வெப்பமும் போடுகிற தீனியும் அந்த வேகத்தை அதைவிட அதிகமாக மாற்றிவிடும். ஒரே முட்டைப் பையில் பிறந்த குட்டிகளை ஒரே மாதிரி வளர்த்து வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒருவேளை உதவும். தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

வெளியிலிருந்து பார்க்கிறதில் உருப்படியான வழி ஒன்றுதான்: அடிவயிறு. சிலந்தியைக் கையில் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை. தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, அது பக்கச் சுவரில் ஏறி நிற்கும்வரை பொறுத்திருந்து, வெளியிலிருந்து போனில் படம் எடுத்தால் போதும். டாரன்டுலாவின் அடிவயிற்றில் வெளிறிய திட்டுகள் நான்கு தெரியும். அவை புத்தக நுரையீரல்கள். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. முன் ஜோடிக்கு நடுவே, வயிற்றின் குறுக்கே ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். இனப்பெருக்கத் துளை இருப்பது அங்கேதான். ஆணாக இருந்தால் அந்தப் பள்ளத்துக்குச் சற்று முன்னால், தலைப் பக்கமாக, முடி அடர்ந்து கருத்த அரைவட்டத் திட்டு ஒன்று இருக்கும். அந்த இடத்தில் ஆணுக்கு மட்டும் தனியாக நூல் சுரக்கும் நுண்குழாய்கள் உண்டு. முதிர்ந்த ஆண் விந்தை வைப்பதற்காக ஒரு சின்ன வலை நெய்யும். அந்த வலைக்கு இந்தக் குழாய்களின் நூலும் சேரும். பெண்ணுக்கு அந்தத் திட்டு இருக்காது, பள்ளத்தின் விளிம்பு உதடு மாதிரி தடித்து லேசாகப் பிதுங்கியிருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் சுருள்முடிக்குக் கருப்புத் திட்டு இருக்கிற மாதிரிதான் பட்டது. செம்முட்டிக்கு எதுவும் தெளிவாக இல்லை. திட்டு இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, வயிறு முழுக்க முடி. இந்த வழி வளர்ந்த சிலந்திக்கு நன்றாக வேலை செய்யும், இளசுக்கு ஊகம்தான். ஆகவே சட்டைக்குக் காத்திருந்தேன்.

சட்டையில் எப்படித் தெரிகிறது

பெண் டாரன்டுலாவுக்கு விந்துக்கொள்பை என்று ஒரு உறுப்பு உண்டு. ஆணிடமிருந்து வாங்கிய விந்தை முட்டையிடும்வரை அதில் சேமித்து வைத்திருக்கும். இந்தப் பை, உடலின் வெளித்தோல் உள்நோக்கி மடிந்து உண்டானது. அதனால் அதன் உட்புறத்திலும் வெளியில் இருக்கிற மாதிரியே கைட்டின் படலம் ஒன்று இருக்கும். சட்டை உரிக்கும்போது கால், பல், முதுகு ஓடு எல்லாவற்றின் தோலும் கழல்கிற மாதிரி இந்தப் படலமும் சேர்ந்து கழன்று வந்துவிடும். இணை சேர்ந்த பெண் முட்டையிடுவதற்கு முன்னால் சட்டை உரித்துவிட்டால் சேமித்த விந்தும் அதோடு போச்சு. வளர்ப்பவர்கள் தலையில் கைவைத்து உட்காரும் சமயம் அது.

நமக்கு அதனால் லாபம். சிலந்தியைத் தொடாமலே அதன் உள்ளுறுப்பு ஒன்றின் அச்சு நம் கைக்கு வருகிறது. பெண் குட்டிக்கும் இது இருக்கும், சின்னதாக.

காத்திருப்பு

செம்முட்டி முந்தைய முறை உரித்த சட்டையை மென்று உருட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டிருந்தது. அதில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. டாரன்டுலாக்கள் சில நேரம் இப்படிச் செய்யும், அவற்றின் சுபாவம்.

இந்த முறை அறிகுறிகளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். முதலில் தீனியைத் தொடுவதில்லை. போட்ட கிரிக்கெட் பூச்சி முன்னால் நடந்து போனாலும் காலை மடக்கிக்கொண்டு ஒதுங்கும். அப்புறம் வயிற்றின் மேல் முடி உதிர்ந்த வழுக்கை இடம், சாதாரணமாகச் சதை நிறத்தில் இருப்பது, மெல்ல மெல்லக் கருக்கும். பழைய தோலுக்கு அடியில் புது முடி முளைத்துத் தெரிவதுதான் அந்தக் கருப்பு. இந்தக் கட்டத்தில் தின்னாத பூச்சியைக் கண்டிப்பாக வெளியே எடுத்துவிட வேண்டும். சட்டை உரித்து மெத்தென்று கிடக்கும் சிலந்தியைக் கிரிக்கெட் கடித்துவிடும்.

உரிக்கும்போது டாரன்டுலா மல்லாக்கப் படுத்துக்கொள்ளும். முதல் முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்று நினைத்து எடுத்துப் புதைக்கப் போவார்கள். செத்த சிலந்தி பெரும்பாலும் கவிழ்ந்து, கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டு கிடக்கும். மல்லாக்கக் கிடந்தால் கை வைக்கக் கூடாது, ஊதக் கூடாது, தண்ணீர் தெளிக்கவும் கூடாது. முதுகு ஓடு ஒரு மூடி மாதிரி கழலும், அப்புறம் வயிற்றின் தோல் பின்னுக்குப் போகும், கடைசியாகக் கால்கள் எட்டும், வாய்க்குப் பக்கத்தில் குட்டிக் கால் மாதிரி இருக்கும் பால்ப் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வெளியே வரும். சில மணி நேர வேலை. புதிதாக வந்த பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பிறகு சிவந்து, கருத்து, அதற்கப்புறம்தான் தீனி.

எடுத்ததும் ஊறவைத்ததும்

சட்டையை உடனே எடுத்தால் ஈரம் காயாமல் மெத்தென்று இருக்கும், விரிப்பது சுலபம். ஆனால் அதற்காக அப்போதுதான் உரித்து முடித்துக் களைத்துக் கிடக்கும் சிலந்தியின் பக்கத்தில் சாமணத்தை நுழைப்பது நல்லதில்லை. காய்ந்த சட்டையை ஊறவைத்துக்கொள்ளலாம், சிலந்தியின் கால் முறிந்தால் ஒட்டவைக்க முடியாது. அது எழுந்து நின்று, சட்டையை விட்டு ஓரமாகப் போன பிறகு நீளமான சாமணத்தால் எடுத்தேன். குளிர்காலம், வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் சட்டை அப்பளம் பதத்துக்கு வந்திருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் அரிப்பு முடிகள் உண்டு. பயந்தால் பின்னங்காலால் தேய்த்து எதிரியின் முகத்தில் பறக்கவிடும். இந்த முடிகள் உரித்த சட்டையிலும் அப்படியே இருக்கும். சட்டைதானே என்று முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் போனால் விழிப்படலத்தில் குத்தி நின்றுவிடும், கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கையுறை போட்டுக்கொண்டேன், கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். தண்ணீரில் நனைத்துவிட்டால் முடி பறக்காது. அதுவே சட்டையை ஈரமாகவே வைத்து வேலை செய்ய இன்னொரு காரணம்.

தேவைப்பட்டவை எல்லாம் வீட்டுச் சாமான்தான். வெள்ளைப் பீங்கான் சாசர், வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பிள்ளையின் வாட்டர் கலர் பெட்டியிலிருந்து மெல்லிய பிரஷ் இரண்டு, குண்டூசி, பழைய படச் சட்டகத்தின் கண்ணாடித் துண்டு. பார்ப்பதற்கு நகைக் கடைகளில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, கம்ப்யூட்டரில் செருகும் மலிவான மைக்ரோஸ்கோப் ஒன்று. சோப்புத் திரவம் எதற்கென்றால், சிலந்தித் தோல் தண்ணீரை ஒட்டவிடாது. சோப்பு இல்லாமல் போட்டால் முடிகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். சோப்பு போட்டால் மூழ்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் இந்த வேலைக்கு நன்றாகவே உதவும். சட்டை ரொம்பக் காய்ந்திருந்தால் ராத்திரி முழுக்க ஊறட்டும். அவசரப்பட்டுக் காய்ந்த தோலை விரித்தால் சரியாக நமக்கு வேண்டிய இடத்தில்தான் கிழியும்.

விரித்தது

ஊறிய சட்டையைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்ததும் முதலில் செய்தது முதுகு ஓட்டை வெட்டித் தனியே எடுத்தது. அது நம் வேலைக்குத் தேவையில்லை. ஆனால் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் போடாதீர்கள். முன் ஓரத்தில் சின்ன மேடு ஒன்று, அதில் எட்டுக் கண்களின் லென்ஸ்களும் கண்ணாடியாகத் தெரியும். கண்ணின் மேற்தோலையும் சேர்த்து உரித்திருக்கிறது.

கால்களின் பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் கசங்கிச் சுருண்டிருக்கும் மெல்லிய தோலுக்கு வந்தேன். அதுதான் வயிறு. கால்களும் நெஞ்சும் தடித்த ஓடு என்பதால் வடிவம் மாறாமல் நிற்கும். வயிற்றுத் தோல் வெறும் சவ்வு, ஒரு பட்டாணி அளவுக்கு உருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டிய எல்லாம் அந்த உருண்டைக்குள்தான் இருக்கிறது. பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து, விளிம்பு எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, நெஞ்சுப் பக்கத்திலிருந்து பின்பக்கமாக நீவிக்கொண்டே போக வேண்டும். சாமணத்தால் இழுக்கக் கூடாது. தண்ணீர் அதிகம் இருந்தால் தோல் தானாகவே கொஞ்சம் பிரிந்துகொடுக்கும்; வற்றினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பக்கம் எது என்று குழப்பம் வரும். நூல் நூற்கும் உறுப்புகள் கடைசி நுனியில் விரல் மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அவை பின்பக்கம். நெஞ்சும் கால் அடிகளும் இருப்பது முன்பக்கம். முடி இருக்கிற பக்கம் வெளிப்பக்கம், அது கண்ணாடியைத் தொட வேண்டும். வழவழப்பான உட்பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும். இதுதான் முக்கியம். விந்துக்கொள்பை உள்ளே இருக்கிற உறுப்பு, வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் தேடினாலும் கிடைக்காது.

சரியாக விரிந்துவிட்டதா என்பதற்கு அடையாளம் அந்த நான்கு புத்தக நுரையீரல்கள். உள்ளிருந்து பார்க்கும்போது அவை வெள்ளைத் திட்டுகளாகப் பளிச்சென்று தெரியும். மைக்ரோஸ்கோப்பில் கிட்டப் பார்த்தால் திட்டு என்று நினைத்தது அடுக்கடுக்கான மெல்லிய தாள்கள் என்று தெரியும். மூச்சுவிடும் தாள்களின் படலத்தையும் உரித்திருக்கிறது. நான்கும் தெரிந்தால் வரைபடம் கிடைத்த மாதிரி. பின் ஜோடியை மறந்துவிடலாம். முன் ஜோடியின் நடுவில், இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடித் துண்டை இரண்டு டம்ளர்களின் மேல் வைத்து, அடியில் போன் டார்ச்சைப் போட்டு, நடுவே வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்தேன். வெளிச்சம் அடியிலிருந்து பரவலாக வர வேண்டும். மேலிருந்து அடித்தால் ஈரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், எதுவும் தெரியாது.

முதல் பார்வையில் கோட்டின் மேல் ஒரு தடிப்பு மட்டும் தெரிந்தது. பிரஷ்ஷின் ஒரே ஒரு முடியைக் கோட்டுக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி மெல்லத் தள்ளினேன். தடிப்பு எழுந்து நின்றது. அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அடிப்பக்கம் மட்டும் தோலோடு ஒட்டியிருந்தது, மேல் ஓரம் எதிலும் ஒட்டாமல் தனியே இருந்தது. பிரஷ்ஷை எடுத்ததும் தண்ணீரில் மெல்லப் படிந்தது. மறுபடி தள்ளினால் மறுபடி எழுந்தது. டார்ச் வெளிச்சத்தில் சுற்றியிருக்கிற தோல் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்க, இது மட்டும் தேன் நிறத்தில் இருந்தது. செம்முட்டி இனத்தில் இந்தப் பை இரண்டாகப் பிரியாமல் ஒரே அகலமான மடலாக இருக்கும். கிராமோஸ்டோலா போன்ற வேறு பேரினங்களில் இரண்டு தனித்தனிக் குமிழ்களாக நிற்கும். எனக்குத் தெரிந்தது ஒரே மடல். அதை ஒட்டி இன்னொரு மெல்லிய மடிப்பும் இருந்தது. அது கருப்பையின் வெளிப்பகுதியின் படலம், அதுவும் பெண்ணுக்குத்தான்.

செம்முட்டி பெண். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சுருள்முடியின் சட்டை

சுருள்முடி உரித்தது அதற்குச் சில வாரம் கழித்து. அளவில் பெரிய சட்டை, கிழியாமல் முழுசாகக் கிடைத்தது, விரிப்பதும் சுலபமாக இருந்தது. நான்கு திட்டுகளும் பளிச்சென்று தெரிந்தன. கோட்டின் மேலும் ஏதோ ஒரு சின்ன மேடு இருக்கத்தான் செய்தது.

இந்த இடத்தில்தான் பலர் ‘பெண்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆணுக்கும் அந்த இடத்தில் துணை உறுப்பு மாதிரி ஒரு சின்னப் புடைப்பு இருப்பது உண்டு. படத்தில் பார்த்தால் பெண்ணின் பை மாதிரியே இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து பிரஷ் முடியை நுழைத்தேன், நுழையவில்லை. முன்னாலிருந்தும் தள்ளிப் பார்த்தேன். மேடு தோலோடு சேர்ந்தே அசைந்தது, தனியே எழவில்லை. தனியாக நிற்கிற ஓரம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. நிறமும் சுற்றியுள்ள தோலின் நிறமே.

அடுத்து அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற தோலை மைக்ரோஸ்கோப்பில் கூடிய மட்டும் பெரிதாக்கினேன். முடிகள் விழுந்த குழிகள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும் இடத்தில், அரைவட்டமாக ஒரு பட்டை மட்டும் நெருக்கமான புள்ளிகளாகத் தெரிந்தது. சுவரில் ஏறும்போது வெளியிலிருந்து கருப்பாகப் பட்ட அதே இடம். ஆணின் நூல் குழாய்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இருந்தும் பெட்டியின் மேல் ‘ஆண்’ என்று எழுதவில்லை, ‘பெரும்பாலும் ஆண்’ என்று எழுதினேன். காரணம், இந்தச் சோதனையின் இரண்டு பதில்களுக்கும் எடை ஒன்றல்ல. தனியே எழுந்து நிற்கும் மடலைப் பார்த்துவிட்டால் அது பெண் என்பது முடிந்த விஷயம், அடுத்த சட்டையில் அது மாறப்போவதில்லை. மடல் இல்லை என்றால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு: ஒன்று, உண்மையிலேயே ஆண்; இரண்டு, பெண்தான், ஆனால் மடல் நம் லென்ஸுக்கு எட்டாத அளவு சின்னது; மூன்று, பெண்தான், விரிக்கும்போது மடல் கிழிந்தோ மடிந்தோ போய்விட்டது. சட்டை சின்னதாக இருக்க இருக்க இரண்டாவது, மூன்றாவது காரணங்களுக்கு வாய்ப்பு அதிகம். விற்பனைக்கு வருகிற குட்டிகளில் ‘ஆண்’ என்று எழுதியவை பிறகு பெண்ணாகிப் போவதும் இதனால்தான். ‘பெண்’ என்று எழுதியது ஆணாகிப் போனால் அதற்குக் காரணம் வேறு: மேட்டைப் பார்த்து மடல் என்று எடுத்துக்கொண்டது. அப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பெண் என்று சொல்லி விற்றால் சட்டையின் படத்தைக் கேளுங்கள், அந்த மடல் எழுந்து நிற்கிற படத்தை. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் கேட்காமலே காட்டுவார்கள்.

ஆண் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கடைசிச் சட்டையில்தான் வரும். முதிர்ந்த ஆணின் பால்ப் நுனிகள் குத்துச்சண்டைக் கையுறை போட்ட மாதிரி உருண்டு திரண்டிருக்கும். விந்தை உறிஞ்சிவைத்துப் பெண்ணுக்குக் கொடுக்கும் கருவி அதற்குள்தான். பல இனங்களில் முன்னங்காலின் உட்புறத்தில் கொக்கியும் முளைக்கும், இணையும்போது பெண்ணின் பற்களைத் தாங்கிப் பிடிக்க. கொக்கி இல்லை என்பதற்காக ஆண் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தெராஃபோசா, பொயிசிலோதெரியா போன்ற பேரினங்களின் ஆண்களுக்குக் கொக்கியே கிடையாது.

இந்தப் பையும் பால்ப் நுனியும் பால் பார்க்க மட்டுமல்ல, இனம் பிரிக்கவும் அடிப்படை. பல வருடம் ‘ஸ்மிதி’ என்ற வேறு இனத்தின் பெயரில் விற்ற செம்முட்டிகளில் பெரும்பாலானவை ஹமோரிதான் என்பது 2017-இல் வந்த ஆய்வில் தெளிவானபோது, பெண்ணின் விந்துக்கொள்பையின் அடித்தகட்டு வடிவமும் பிரிக்கிற அடையாளங்களில் ஒன்று. நம் பக்கத்துக் கதையும் உண்டு. வட இலங்கையில் மாங்குளம் பகுதியிலிருந்து 2012-இல் பெயரிடப்பட்ட பொயிசிலோதெரியா ராஜேயி, கிராமத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இறந்த ஆண் ஒன்றில்தான் தொடங்கியது. ஒரு ஆணை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்? பெண்ணையும் குட்டிகளையும் தேடி ஆய்வாளர்கள் போர் ஓய்ந்த காடுகளில் அலைந்தார்கள். ராமேஸ்வரத்துப் புளிய மரங்களிலும் இதே பேரினத்தில் ஒன்று இருக்கிறது, ஹனுமவிலாசுமிகா. அற்றுப்போகும் விளிம்பில் உள்ளது. இதைப் படித்துவிட்டு அங்கே போய் மரப்பொந்தைக் குடைய வேண்டாம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் படிக்கிறவர்கள் பல நாட்டில் இருப்பீர்கள். இங்கிலாந்தில் செம்முட்டி வளர்க்க உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் டாரன்டுலா வளர்ப்பதே தடை. இந்தியாவில் 2022-இல் வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டீஸ் என்ற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிருள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் பதிவு செய்தாக வேண்டும். பிராக்கிபெல்மா முழுவதும் அந்தப் பட்டியலில் வருகிறது, பொயிசிலோதெரியா 2019-இல் சேர்ந்தது.

படம் எடுத்ததும் பத்திரப்படுத்தியதும்

யாரிடமாவது படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பதாக இருந்தால், மடல் மட்டும் தெரிகிற ஒரே படத்தை அனுப்பாதீர்கள். நான்கு நுரையீரல்களும் தெரிய ஒரு படம், முன் ஜோடியின் நடுப்பகுதி ஒரு படம், மடலைப் பிரஷ்ஷால் நிமிர்த்திப் பிடித்து ஒரு படம். இனத்தின் பெயரையும் சிலந்தியின் அளவையும் கூட எழுதுங்கள். இனம் தெரியாமல் மடலின் வடிவத்தைப் பற்றி யாரும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. உட்பக்கமா வெளிப்பக்கமா என்று தெரியாத மங்கல் படத்தைப் பார்த்து ‘ஆண்’ என்று அடித்துச் சொல்கிறவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வயிற்றுத் தோலை மட்டும் வெட்டி, 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு மூடியுள்ள குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். இனம், தேதி, சிலந்தியின் அளவு மூன்றையும் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டும் குப்பிக்குள்ளேயே. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அடுத்த சட்டை வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட இது உதவும்; பெண்ணின் மடல் சட்டைக்குச் சட்டை பெரிதாகும், ஆணின் மேடு அப்படியேதான் இருக்கும். சுருள்முடிக்கு இந்த ஒப்பீடுதான் அடுத்த சோதனை.

அது ஆண்தான் என்று உறுதியானால், முதிர்ந்த பிறகு பெண் வைத்திருக்கிற யாருக்காவது இணைக்குக் கொடுப்பதாக எண்ணம். குட்டி பொரித்தால் பாதிப் பாதி என்பது இந்த வட்டாரத்தில் வழக்கமான ஒப்பந்தம். அதுவரை அதன் பழைய டப்பாவே போதும். செம்முட்டிக்கு மட்டும் பெரிய பெட்டி வாங்கிவிட்டேன். உயரம் அதிகமாக இருந்ததால் தேங்காய் நார்த்தூளையும் மண்ணையும் கலந்து பாதிக்கு மேல் நிரப்ப வேண்டியிருந்தது. தரையில் வாழும் டாரன்டுலா கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து செத்துப்போகும். நிரப்பிய அன்றே ஒரு மூலையில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டது.